பூஜைக்கு மறுநாள் பல்லடத்திலிருந்து போன மெயில்

போன மாதம் நவீன் போன் செய்தான். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன்.

"மேடம், பழைய மெயில் சர்வரை இந்த வாரத்தோட நிறுத்தறோமுங்க. இனி எல்லாம் கிளவுடுதானுங்க. ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போறீங்களா?"

வடவள்ளியிலிருந்து ஆர்.எஸ்.புரம் எட்டாத தூரம் இல்லை. ஆனால் அந்த ஆபீஸ் மாடிப்படியை நினைத்தாலே என் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடுகிறது. "நிறுத்திப்போடு கண்ணு. அதுவும் என்னாட்ட உழைச்சு ஓய்ஞ்சதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

அவன் போனை வைக்கவில்லை. வேறு ஒரு புகார் இருந்தது. யூனிட் ஆட்கள் எல்லாரும் அவனோடு மல்லுக்கு நிற்கிறார்களாம். மெயிலைத் திறக்க பாஸ்வேர்டு, அதற்கு மேல் போனுக்கு வரும் நம்பர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் தொல்லை. "நாங்க என்ன திருடங்களாங்கன்னு கேக்கறாங்க மேடம். முன்னாடியெல்லாம் மெயில் அனுப்ப பாஸ்வேர்டே கேட்டதில்லையாமா? நெசமாங்க?"

நிஜம்தான், ஒரு காலத்தில் கேட்டதில்லை. பிறகு கேட்க ஆரம்பித்தோம். அது ஏன் என்று போனில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு அந்த ஜவுளிக் கம்பெனியில் டெலக்ஸ் அடிக்கச் சேர்ந்தவள். டெலக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் போய் மெயில் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் "கலாமணிக்குத்தான் மெஷின் பழக்கம்" என்று என் தலையில் கட்டினார்கள். கற்றுக்கொண்டேன், வேறு வழி இல்லை. அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

தலைமை ஆபீஸ் ஆர்.எஸ்.புரத்தில். பல்லடத்தில் நெசவு யூனிட், பவானியில் ஜமக்காளக் கிடங்கு, இன்னும் இரண்டு இடங்கள். நாலையும் லைன் போட்டு இணைத்து, நடுவில் ஒரு மெயில் சர்வரை வைத்திருந்தோம். எங்கள் சிஸ்டம் செக்‌ஷனுக்கு மேலாளர் ரங்கசாமி சார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கத்தமாட்டார். உத்தரவு போடமாட்டார். ஆபீஸில் டீ கொண்டுவரும் பையனையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஏதாவது பழுதாகி நாங்கள் பதறிக்கொண்டு போனால், கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை நாம் சொல்வதைக் கேட்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி. "அம்மணி, நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடலை. நடுவுல என்ன மாறுச்சுங்க?" ஒன்றும் மாறவில்லை சார் என்று சொன்னால், "மாறாம எப்படிங்க நிக்கும்? போய்ப் பார்த்துட்டு வாங்க" என்பார். எனக்குச் சில நாள் எரிச்சலாக வரும். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடுகிறாரோ என்று தோன்றும். அவருக்கும் தெரியாது என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

இனி ரிலே, அதாவது மெயிலை வாங்கி வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பது. இதைப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் இருந்து பல்லடத்துக்கு அவசரமாக ஒரு பார்சல் போக வேண்டுமென்றால் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். தெரிந்த முகமாக இருந்தால் வாங்கிக்கொள்வார். தெரியாதவன் நீட்டினால் வாங்கமாட்டார், உள்ளே என்ன இருக்குமோ என்ற பயம். மெயில் சர்வரும் அப்படித்தான். கம்பெனிக்குள்ளேயே போகிற கடிதம் என்றால் யார் கொடுத்தாலும் வாங்கும். வெளியூருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னால் மட்டும், கொடுப்பவர் யார் என்று பார்க்கும். அனுமதி உள்ளவர் என்றால் எடுத்துப்போகும். இல்லையென்றால் 'ரிலே மறுக்கப்பட்டது' என்று திருப்பிவிடும். எல்லாருக்கும் திறந்துவிட்டால் ஊரில் உள்ள மோசடிக்காரர்கள் எல்லாம் நம் சர்வர் வழியாக மெயில் விடுவார்கள், பிறகு நம் மெயிலை உலகத்தில் எவனும் வாங்கமாட்டான்.

கொடுப்பவர் யார் என்பதை சர்வர் எப்படித் தெரிந்துகொள்ளும்? ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்பது ஒரு வழி. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் கிடைக்கும், அந்த எண்ணுக்கு அனுமதி என்பது இன்னொரு வழி. ரங்கசாமி சார் பாஸ்வேர்டு வேண்டும் என்றார். முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரை எல்லாரும் ஐயா என்போம், நல்ல மனிதர்தான், வீட்டுக்கு யார் போனாலும் சாப்பிடாமல் அனுப்பமாட்டார்.

"ஏனுங்க ரங்கசாமி, இருவது வருசமா நம்மகூட இருக்கறவங்ககிட்டப் போய் பாஸ்வேர்டு கேக்கறதுங்களா? மருவாதியா இருக்குமுங்களா? மெஷினுக்குக் குடுங்க போதும்."

மெஷினுக்குக் கொடுத்தோம். யூனிட்டுக்கு ஒரே ஒரு மெஷின், ஒரே ஒரு எண். பல்லடத்தில் அது டெஸ்பாட்ச் பிரிவில் இருந்த பூங்கொடியின் மெஷின். யூனிட் முழுவதற்கும் மெயில் விலாசம் ஒன்றுதான், எல்லா மெஷினிலும் அதே விலாசம். உள்ளுக்குள் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், வெளியே போவது பூங்கொடி மெஷினிலிருந்து மட்டும்.

பூங்கொடி பிளஸ் டூ படித்துவிட்டுத் தறிக்குடோனில் வேலைக்குச் சேர்ந்து, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஆபீஸுக்கு வந்த பெண். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் செக்‌ஷனுக்குத் தினம் போன் போடுவாள். மெயில் போனதா, போய்ச் சேர்ந்ததா, அவர்கள் படித்தார்களா என்று நச்சரிப்பாள். நான் அவளைத் திட்டியதும் உண்டு. "படிச்சாங்களான்னு நான் போய் எட்டியா பார்க்க முடியும்?" என்பேன். "கோவிச்சுக்காதீங்கக்கா, லாரி கெளம்பிருச்சுங்க, அதான்" என்பாள்.

அதே யூனிட்டில் முதலாளியின் மச்சினர் சண்முகம் இருந்தார். மார்க்கெட்டிங் பார்த்தார், அல்லது பார்ப்பதாகச் சொல்வார்கள். தன் மெஷினிலிருந்து வெளியே மெயில் போக வேண்டும் என்று அவர் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐயா ஒவ்வொரு முறையும் "பார்க்கலாமுங்க மாப்பிள்ளை" என்பார். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். சண்முகத்துக்கு மட்டும் தெரியவில்லை போல.

அந்த வருஷ ஆயுத பூஜை வந்தது. மில்லும் தறியும் உள்ள ஊரில் அதை விடப் பெரிய நாள் கிடையாது. அன்று எந்த மெஷினும் ஓடக் கூடாது. தறியிலிருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். வருஷம் பூராவும் அணையாமல் சுவரில் தொங்கும் நெட்வொர்க் பெட்டியையும் அன்றைக்கு இறக்கித் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். தலைமை ஆபீஸில் சர்வரை மட்டும் ஓடும்போதே பொட்டு வைக்க ரங்கசாமி சார் சம்மதம் வாங்கிவைத்திருந்தார். யூனிட்டுகளில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, மற்ற வருஷங்களில் ஒன்றும் ஆனதில்லை.

பூஜைக்கு மறுநாள் நல்ல நேரத்தில் மெஷின்களைத் தொட்டு ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் பூங்கொடி போன்.

"அக்கா, வெளிய மெயில் போகவே மாட்டீங்குது. ரிலே மறுக்கப்பட்டதுன்னு வருதுங்க. கரூர்க்காரங்களுக்கு டெஸ்பாட்ச் விவரம் அனுப்போணுங்க."

கம்பெனிக்குள் போகிறதா என்றேன். போகிறது என்றாள். அப்படியென்றால் எனக்கு அனுப்பு, இங்கிருந்து நான் தள்ளிவிடுகிறேன், நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன். மற்ற யூனிட் புகார்களும் குவிந்து கிடந்தன. பூஜை முடிந்தால் எப்போதும் இப்படித்தான், பொட்டு வைத்த மெஷின்கள் எல்லாம் ஒரு வாரம் மக்கர் பண்ணும்.

நான் போவதற்குள் விஷயம் வெடித்துவிட்டது. எங்கள் போட்டியாளரான ஒரு திருப்பூர் வியாபாரி, நாங்கள் அந்த சீசனுக்குப் போட்டிருந்த துணி விலையை அப்படியே தெரிந்துவைத்துக்கொண்டு ஆர்டரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். மெயிலில்தான் போயிருக்க வேண்டும் என்று ஐயா சந்தேகப்பட்டார். சர்வரைப் பார்த்தோம். பூஜைக்கு மறுநாள் காலை, பல்லடத்தின் அனுமதி எண்ணிலிருந்து, யூனிட்டின் பொது விலாசத்தில் விலைப்பட்டியல் அந்த வியாபாரிக்குப் போயிருந்தது.

"எண்ணு யாருதுங்க?" என்றார் ஐயா.

"டெஸ்பாட்ச் மெஷினுக்குக் குடுத்த எண்ணுங்க" என்றார் ரங்கசாமி சார். "ஆனா ஒரு நாள் பொறுங்க ஐயா. அந்த மெஷின்ல மெயிலே போகலைன்னு அந்தப் பொண்ணு போன் பண்ணியிருக்குதுங்க. நாங்க நேர்ல பார்த்துட்டு வந்துடறோம்."

ஐயா பொறுக்கவில்லை. பூங்கொடியின் தம்பி அந்த வியாபாரியிடம் வேன் ஓட்டுகிறான் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். "அனுப்பறதை அனுப்பிப்போட்டு, போகலைன்னு போன் பண்றது ஒரு சாக்குங்க" என்றார். அதையும் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். அன்று மாலையே நாலு யூனிட்டுக்கும் ஒரு மெயில் போனது. பல்லடம் டெஸ்பாட்ச் பிரிவிலிருந்து கம்பெனி விவரம் வெளியே கொடுக்கப்பட்டுள்ளது, எல்லோரும் கவனமாக இருக்கவும் என்று. பூங்கொடியைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் ஊட்ல இருந்து ரெஸ்ட் எடுங்க அம்மணி" என்றார்கள். வேலையை விட்டுத் துரத்துவதிலும் எங்கள் ஊரில் மரியாதை குறையாது.

அவள் எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. "அக்கா, நான் பண்ணலீங்க. எம் மெயிலையே உங்க சர்வரு தள்ளி உட்டுச்சுங்களே, நான் எப்படீங்க அனுப்ப முடியும்? பல்லடத்துல ஒரு கம்பெனியில இனி என்னைச் சேர்க்கமாட்டாங்க. தறிக்குடோன்ல எங்கூட்டுக்காரரு மூஞ்சியைப் பார்த்தே ரெண்டு பேரு கேட்டுப்போட்டாங்க" என்றாள். பார்க்கிறேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அந்த வார்த்தை எனக்குக் கசந்தது.

மறுநாள் ரங்கசாமி சாரும் நானும் பல்லடம் பஸ் ஏறினோம். சூலூர் தாண்டியதும், "அம்மணி, பூஜைக்கு முன்னாடி ஓடுச்சு, பின்னாடி ஓடலை. நடுவுல என்ன மாறுச்சுங்க?" என்றார். "பூஜைதானுங்க மாறுச்சு" என்று எரிச்சலில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

யூனிட்டில் பூங்கொடியின் நாற்காலி காலியாக இருந்தது. அவள் மெஷினில் உட்கார்ந்து, மெயில் மென்பொருள் எதையும் திறக்காமல், சர்வரிடம் கையாலேயே பேசிப் பார்த்தேன். இது எங்கள் தொழிலில் பழைய முறை. முதலில் நாம் யார் என்று சொல்லி வணக்கம் வைக்க வேண்டும். அது பதில் வணக்கம் சொல்லும். அனுப்புநர் இன்னார் என்றால், சரி என்னும். பெறுநராகத் தலைமை ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்தேன், சரி என்றது. வெளி விலாசம் ஒன்றைக் கொடுத்தேன். ரிலே மறுக்கப்பட்டது.

மெயில் போகவில்லை என்று அவள் சொன்னது பொய்யில்லை. அடுத்து அந்த மெஷினின் எண் என்ன என்று பார்த்தேன். எங்கள் சர்வரில் அனுமதி பெற்றிருந்த எண் அங்கே இல்லை. அதற்கு அடுத்த எண் இருந்தது.

ரங்கசாமி சார் சுவரில் இருந்த நெட்வொர்க் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் நெற்றியில் குங்குமம் இன்னும் காயாமல் இருந்த மாதிரி பளிச்சென்று இருந்தது. "இதை அணைச்சீங்களாங்க?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"அணைக்காம எப்படீங்க சாமி பொட்டு வெக்கறது? இந்த வருசம் பூஜைக்கு மொதநாளே கழட்டி, நல்லாத் தொடைச்சு, பூஜைக்கு மறுநாள் காலைலதானுங்க மாட்டினோம்."

மற்ற வருஷங்களில் ஒரு மணி நேரத்தில் துடைத்து மாட்டிவிடுவார்களாம். அதற்குள் அந்தப் பெட்டிக்கு மறதி வராது. இந்த முறை முழுதாக மறந்துவிட்டிருந்தது. மெஷின்களுக்கு எண் கொடுப்பது அதுதான். மறந்த பெட்டி யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு முதல் எண்ணைக் கொடுக்கும். தினமும் ஆபீஸைத் திறப்பவள் பூங்கொடி, அதனால் பெட்டியை முதன்முதலில் மாட்டியபோது முதல் எண்ணை வாங்கியவளும் அவள்தான். நாங்கள் அனுமதி கொடுத்ததும் அந்த முதல் எண்ணுக்குத்தான்.

"பூஜைக்கு மறுநாள் மொதல்ல எந்த மெஷினைத் தொட்டீங்க?"

"மொதலாளி ஊட்டு ஆளு இருக்கறப்போ நாங்க தொடறதுங்களா? மச்சினருதான் அவரு மெஷினை மொதல்ல போட்டாருங்க. அப்புறந்தான் பூங்கொடி."

சண்முகத்தின் அறைக்குப் போனோம். அவர் எழுந்து நின்று வரவேற்று டீ சொன்னார். ரங்கசாமி சார் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "ஏனுங்க, உங்க மெயில் இப்ப வெளிய போகுதுங்களா?" என்றார்.

"போகுதுங்க சார். பூஜைக்கு மறுநாள்லேர்ந்து போகுது. மாமா சொல்லி நீங்க குடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். ரொம்ப தேங்க்ஸுங்க."

"திருப்பூருக்கு விலைப்பட்டியல் நீங்க அனுப்புனீங்களாங்க?"

அவர் தயங்கவே இல்லை. "ஆமாங்க. அவரு எங்க சம்பந்தி வழியில சொந்தமுங்க. கல்யாணத்துல பார்த்தப்போ, சும்மா பார்க்கறதுக்கு அனுப்பு மாப்பிள்ளைன்னு கேட்டாரு. வாய் உட்டுக் கேக்கறவங்ககிட்ட எப்படீங்க இல்லைங்கறது?"

அவர் பூங்கொடியின் பேரைக் கெடுக்க நினைத்தவர் இல்லை. அவள் வேலை போனதற்கும் தன் மெயிலுக்கும் சம்பந்தம் உண்டென்றே அவருக்குத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி உடுங்க. மாப்பிள்ளை விவரம் தெரியாமப் பண்ணிப்போட்டாரு. அந்தப் பொண்ணை நாளைக்கு வரச் சொல்லுங்க, ஒண்ணும் நடக்காத மாதிரி இருந்துக்கட்டும்" என்றார்.

"ஐயா, அன்னைக்கு மெயில் நாலு யூனிட்டுக்கும் போச்சுங்க. தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லைன்னு அதே நாலு யூனிட்டுக்கும் போகோணுங்க."

"பார்க்கலாமுங்க."

ரங்கசாமி சார் ஒரு வாரம் பார்த்தார். தினமும் காலையில் ஐயாவின் அறை வாசலில் நின்றார், தினமும் அதே பதில்தான். மச்சினர் பெயரை எழுதாமல் அந்தக் கடிதத்தை எழுத முடியாது என்று ஐயா நினைத்திருப்பார். எட்டாம் நாள் சார் தானே உட்கார்ந்து, சிஸ்டம் செக்‌ஷன் அறிவிப்பு என்ற தலைப்பில், தன் பெயரில் எழுதினார். பூஜையின்போது பல்லடத்தில் எண்கள் மாறிவிட்டன, டெஸ்பாட்ச் மெஷினிலிருந்து வெளியே ஒரு மெயில்கூடப் போகவில்லை, அந்தப் பிரிவுக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை, இதை நானும் கலாமணியும் நேரில் சோதித்தோம் என்று. மச்சினர் பெயர் அதில் இல்லை. "உங்க பேரையும் போட்டிருக்கேனுங்க அம்மணி, பரவாயில்லீங்களா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். அனுப்பினார்.

அந்த வருஷக் கடைசியில் அவருக்கு ஓய்வு வயது வந்தது. எப்போதும் நீட்டிப்பு தருவார்கள். அவருக்கு சால்வை போட்டார்கள். "ரொம்ப உழைச்சுப்போட்டீங்க, இனி ஓய்வெடுங்க" என்று ஐயா மேடையில் கைகூப்பினார். சாரும் கைகூப்பினார். என்னை ஒன்றும் செய்யவில்லை, மெஷின் பழக்கம் வேறு யாருக்கும் இல்லை.

பூங்கொடி திரும்ப வரவில்லை. அவளுக்கு மெயில் போகாது என்பதால் அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். தெருவெல்லாம் தறிச் சத்தம். உரக்கப் பேசினால்தான் கேட்கும். அவள் இரண்டு முறை படித்தாள்.

"நல்லா எழுதியிருக்காருங்கக்கா" என்றாள். மடித்து அலமாரியில் வைத்தாள். காப்பி கொடுத்தாள். அறிவிப்பில் இல்லாத மச்சினர் விஷயத்தையும் சொன்னேன். பிறகு கேட்டாள்.

"அந்த மச்சினரு, 'நான் அனுப்பலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாருன்னா, எனக்கு என்னக்கா சாட்சி?"

எண்கள் நடுவில் எத்தனை முறை மாறின என்று யார் சொல்ல முடியும்? அவர் வெள்ளந்தியாக ஒத்துக்கொண்டதால் இவள் பிழைத்தாள். அவ்வளவுதான் உண்மை. "நீ வேலைக்கு வந்துரு கண்ணு" என்றேன். "வாரேனுங்கக்கா" என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

ரங்கசாமி சார் போன பிறகு செக்‌ஷன் என் கைக்கு வந்தது. எண்ணுக்குக் கொடுத்திருந்த அனுமதியை எல்லாம் எடுத்தேன். ஆளுக்கொரு விலாசம், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. யாரையும் கேட்கவில்லை. முதலில் ஐயாவின் அறைக்குத்தான் போனேன்.

அவர் சிரித்தார். "ஏனுங்க அம்மணி, என்னையுமா நம்ப மாட்டீங்க?"

"நம்பறதுக்கில்லீங்க ஐயா. நாளைக்கு யாராச்சும் உங்க பேரைச் சொன்னா, நீங்க இல்லைன்னு எடுத்துக் காட்டறதுக்குங்க."

சிரிப்பு நின்றது. கீபோர்டை இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அடித்து முடித்தும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு, பூங்கொடி, இப்ப என்ன பண்ணுதுங்க?"

"தறி ஓட்டுதுங்க ஐயா. அவங்க ஊட்டுக்காரர்கூட."

"நல்ல பொண்ணுங்க" என்றார் மெதுவாக.

"ஆமாங்க" என்றேன்.

அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அந்த வார்த்தையை அவர் நாலு யூனிட்டுக்கும் அனுப்பியிருக்கலாம்.